புது நீச்சல் குளத்தில் தண்ணீர் கெட்டால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குளம் கட்டி முடித்த முதல் இரண்டு வாரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்றாவது வாரம் அடித்தளத்து ஓடுகளின் கோடுகள் மங்கும், சுவரைத் தொட்டால் வழுக்கும், அல்லது பம்ப் அறையிலிருந்து கூழாங்கல் உருள்வதுபோல ஒரு சத்தம் வரும். அப்போது பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: கைக்கு எட்டிய டப்பாவைத் திறந்து ஒரு பிடி கொட்டுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே மாதத்தில் அலமாரியில் ஆறு டப்பா சேர்ந்தது. தண்ணீர் மட்டும் தெளியவில்லை.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். உங்கள் குளத்தில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். இந்த முதல் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். பின்னால் வரும் அளவுகள் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கின்றன.

முதலில் மூன்று எண்கள்

முதல் எண், குளத்தின் கொள்ளளவு. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் 1.6 மீட்டர் ஆழம் என்றால் சராசரி 1.4, ஆக 44,800 லிட்டர். பேச்சு வசதிக்கு 45,000 என்று வைத்துக்கொள்வோம். இனி நான் சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தக் குளத்துக்கு. உங்களுடையது பாதி என்றால் பாதி போடுங்கள்.

இரண்டாவது எண், சுத்தமான ஃபில்டரின் அழுத்தம். ஃபில்டருக்குள் இருக்கும் மணலைக் கழுவி முடித்துப் பம்பை ஓட்டியவுடன் அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறதோ, அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி ஃபில்டர் மீதே ஒட்டிவிடுங்கள். இது ஒவ்வொரு குளத்துக்கும் வேறுபடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்கு உதவாது.

மூன்றாவது, தண்ணீர்ப் பரிசோதனையின் எண்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து, ஓ.டி.ஓ. வகை, மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அதில் வேலை செய்யும் குளோரின் எவ்வளவு, வேலை முடிந்து சக்கையானது எவ்வளவு என்று பிரிக்காது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. வகையை வாங்குங்கள். அதில், வெயில் குளோரினைத் தின்னாமல் காக்கும் சயனூரிக் அமிலமும் அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. மாதிரியை மேல்மட்டத்தில் அள்ளாமல் முழங்கை ஆழத்தில், தண்ணீர் திரும்பி வரும் வாய்க்குத் தள்ளி எடுக்க வேண்டும்.

நிற்க வேண்டிய அளவுகள் இவை: பிஹெச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.2 முதல் 7.8 வரை, முடிந்தால் 7.4 பக்கம். பிஹெச் துள்ளாமல் பிடித்துவைக்கும் மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400. வெயில் படும் குளமாக இருந்தால் சயனூரிக் அமிலம் 30 முதல் 50. குளோரினுக்கு ஒரே எண் சொல்வது தவறு. அது சயனூரிக் அமிலத்தைப் பொறுத்தது. சயனூரிக் 40 என்றால் குளோரின் 3-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது சயனூரிக் அளவில் ஏழரை சதவீதம்.

தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

இது ஒன்றுக்கு மட்டும் நீங்களாக எதையும் நோண்டாதீர்கள். ஏணிக் கம்பியையோ விளக்கையோ தொட்டால் கூச்சம்போல ஒரு உணர்வு வந்தால் மின்சாரம் கசிகிறது என்று பொருள். எல்லோரும் உலோகத்தைத் தொடாமல் வெளியே வர வேண்டும். ஈரமில்லாத இடத்திலிருந்து மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். பம்ப், விளக்கு, உப்பிலிருந்து குளோரின் செய்யும் உப்புக் கருவி எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா, குளத்தைச் சுற்றியுள்ள உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை அவர் பார்ப்பார். அவர் சரி என்று சொல்லும்வரை குளம் பூட்டியே இருக்கட்டும்.

தண்ணீர் பால்போலக் கலங்கியிருக்கிறது, பச்சை இல்லை

வரிசை முக்கியம். குளோரினை அளந்துவிட்டு நேராக ஃபில்டரிடம் போங்கள்.

அழுத்தம், நீங்கள் எழுதி ஒட்டிய எண்ணைவிட அரை பார், அதாவது 7 அல்லது 8 பி.எஸ்.ஐ. ஏறியிருந்தால் பேக்வாஷ் செய்ய, அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டிய நேரம். பம்பை நிறுத்திவிட்டுத்தான், ஃபில்டரின் நிலைகளை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே நட்சத்திரம்போல இருக்கும் ரப்பர் கேஸ்கட் பிய்ந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம், கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை பேக்வாஷ். மறுபடி பம்பை நிறுத்தி, அரை நிமிடம் ரின்ஸ். மறுபடி நிறுத்தி, ஃபில்டர் நிலைக்கு. ரின்ஸைத் தவிர்த்தால் மணலுக்குள் தளர்ந்திருக்கும் அழுக்கு நேராகக் குளத்துக்கே வரும். பேக்வாஷ் செய்த அன்றே கலங்கல் கூடியது என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால், பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். வீட்டுக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் ஒரு சுற்று வர வேண்டும் என்பது கணக்கு. ஆனால் ஒரு சுற்று முடிந்தால் எல்லாத் தண்ணீரும் ஃபில்டர் வழியே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாததோடு கலந்துகொண்டே இருப்பதால், முதல் சுற்றில் ஏறக்குறைய 63 சதவீதம்தான் ஃபில்டரைப் பார்க்கிறது. இரண்டு சுற்றில் 86. கலங்கிய தண்ணீரோடு போராடும் நாட்களில் இரவும் பகலும் ஓடவிடுங்கள்.

அப்படி ஓடியும் மூன்று நாளில் மாற்றமே இல்லையென்றால், கோளாறு வாங்கும்போதே வந்திருக்கலாம். 45,000 லிட்டரை ஆறு மணி நேரத்தில் சுற்ற மணிக்கு 7,500 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஃபில்டரில் அந்தத் தண்ணீர் மணிக்கு 38 மீட்டர் வேகத்தில் மணலைக் கடக்கும். அது சரியான வேகம். அதே பம்புக்கு 400 மில்லிமீட்டர் ஃபில்டரை மாட்டினால் வேகம் 60-ஐத் தொடும். மணல் அழுக்கைப் பிடித்து வைக்க நேரமே இருக்காது. 'அப்படியானால் பெரிய ஃபில்டராகவே வாங்கிவிடலாமே' என்றால், அதற்கும் ஒரு எல்லை உண்டு. பேக்வாஷின்போது மணல் படுக்கை எழும்பிக் குலுங்க மணிக்கு 35 முதல் 40 மீட்டர் வேகமாவது வேண்டும். ஃபில்டர் மிகப் பெரிதாகவும் பம்ப் சிறிதாகவும் இருந்தால் அழுக்கு உள்ளேயே இறுகிவிடும். வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் இங்கேதான் கைகொடுக்கிறது: தினசரி மெதுவாக ஓட்டலாம், பேக்வாஷுக்கு மட்டும் முழு வேகம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும், தள்ளும் தண்ணீர் பாதியாகத்தான் குறையும்.

ஃபில்டரும் பம்பும் சரியென்றால், பிஹெச் 7.8-க்கு மேல் இருக்கிறதா, கால்சியம் கூடுதலா என்று அளந்து பாருங்கள். கடினமான தண்ணீரில் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூளைக் கொட்டினால் சில மணி நேரம் சுண்ணாம்பு நீர்போலத் தெரிவது இயல்பு. பிஹெச் இறங்கினால் அது கரையும். கரையாத நுண்துகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தால் படிகாரம் போட்டு ஒரு இரவு பம்பை நிறுத்தி, அடியில் படிந்ததை மறுநாள் உறிஞ்சி எடுக்கலாம். உறிஞ்சும்போது வால்வு, தண்ணீரை வெளியே தள்ளும் 'வேஸ்ட்' நிலையில் இருக்க வேண்டும், ஃபில்டர் நிலையில் அல்ல. படிகாரக் கசடு மணலில் புகுந்தால் அது தனித் தலைவலி.

தண்ணீர் பச்சை

இரண்டு வகைப் பச்சை உண்டு. ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரை அள்ளிப் பாருங்கள். வாளியின் அடி தெளிவாகத் தெரிந்தும் நிறம் மட்டும் பச்சையாக இருந்தால் அது செம்பு. செம்பு கலந்த பாசிக்கொல்லியிலிருந்தோ, பிஹெச் தாழ்ந்த தண்ணீர் ஹீட்டரின் செம்புக் குழாயைத் தின்றதிலிருந்தோ வந்திருக்கும். நரைத்த முடியும் வெளிர்ந்த முடியும் பச்சையாவதும் இதனால்தான். குளோரின் மேல் வீண் பழி. இதற்குக் குளோரின் ஊற்றினால் சுவரில் கறைதான் விழும். உலோகத்தைக் கட்டிவைக்கும் மருந்து போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றுங்கள்.

வாளியிலும் கலங்கலாகப் பச்சை இருந்தால் பாசி. அதற்கு மருந்து குளோரின்தான். ஆனால் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு நாள் ஒரு டப்பா கொட்டிவிட்டுக் காத்திருப்பது பாசிக்கு ஒரு அடி கொடுத்துவிட்டு அது எழும்வரை வேடிக்கை பார்ப்பது போல. செய்ய வேண்டியது இது:

1. சயனூரிக் அமிலத்தை அளக்கவும். அதில் 40 சதவீதம்தான் இப்போது உங்கள் குளோரின் இலக்கு. 30 என்றால் 12 பிபிஎம். 50 என்றால் 20.
2. குளோரின் ஊற்றும் முன்பே பிஹெச்சை 7.2 அருகே இறக்கவும். குளோரின் ஏறியபின் பிஹெச் பரிசோதனை பொய் சொல்லும்.
3. 45,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற, 10 சதவீதத் திரவக் குளோரின் 450 மில்லி, அல்லது 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் 70 கிராம். இலக்கை எட்டும்வரை கணக்குப் போட்டு ஊற்றவும்.
4. சுவர், படிக்கட்டு, ஏணிக்குப் பின்புறம் எல்லாம் பிரஷ் போடவும். பாசியின் மேல் இருக்கும் வழவழப்புப் படலம் கிழிந்தால்தான் மருந்து உள்ளே போகும்.
5. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, இறங்கியதை மறுபடி ஏற்றவும். பம்ப் நிற்கவே கூடாது. அழுத்தம் ஏறும்போதெல்லாம் பேக்வாஷ்.

பச்சை முதலில் சாம்பல் நிறமாகும், அப்புறம் பால் நிறமாகும், கடைசியில்தான் தெளியும். சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது செத்த பாசி. எப்போது நிறுத்துவது? தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். சூரியன் மறைந்தபின் அளந்த குளோரின், மறுநாள் விடியும் முன் அளக்கும்போது 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரும் குளிக்க வேண்டாம்.

நிழல் விழும் சுவரில் மட்டும் மஞ்சள் தூசிபோல ஒட்டி, பிரஷ் போட்டால் கலைந்து, மறுநாள் அதே இடத்தில் வருவதும் பாசிதான். இதே முறை, கூடுதல் பொறுமை. பிரஷ், பொம்மை, நீச்சல் உடை எல்லாவற்றையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

பாஸ்பேட் நீக்கி வாங்கச் சொல்வார்கள். குளோரின் சரியாக நிற்கும் குளத்தில் அதற்கு வேலை இல்லை என்பது என் எண்ணம்.

எவ்வளவு குளோரின் போட்டாலும் நிற்பதில்லை

மேலே சொன்ன அந்தியும் விடியலுமான சோதனையை முதலில் செய்யுங்கள். இரவில் குறையவில்லை, பகலில் மட்டும் காணாமல் போகிறது என்றால் திருடன் வெயில். சயனூரிக் அமிலம் இல்லாத தண்ணீரில் உச்சி வெயில் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். 45,000 லிட்டரில் சயனூரிக்கை 30 பிபிஎம் ஏற்ற 1.35 கிலோ வேண்டும். மெதுவாகக் கரையும் பொருள் என்பதால் ஒரு பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் திரும்பும் வாய்க்கு முன்னால் தொங்கவிடுவது சுலபம்.

இரவிலும் குறைகிறது என்றால் தண்ணீரில் குளோரினைத் தின்னும் ஏதோ உயிர்ப்பொருள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பாசியின் தொடக்கமாக இருக்கலாம். பச்சைக்குச் சொன்ன சிகிச்சையை இப்போதே தொடங்குங்கள். நிறம் மாறும்வரை காத்திருந்தால் இரண்டு மடங்கு மருந்து ஆகும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. நான் அதில் நேராகப் போய் விழுந்தேன். டி.பி.டி. சோதனையில் நிறமே வரவில்லை, பூஜ்யம் என்று நினைத்து இரண்டு நாள் குளோரின் ஊற்றினேன். உண்மையில் குளோரின் அளவுக்கு மீறி இருந்தது. அது அந்த இளஞ்சிவப்பையே வெளுத்துவிட்டது. மருந்தைப் போட்ட கணத்தில் சிவப்பு மின்னி மறைகிறதா என்று கவனியுங்கள். சந்தேகம் என்றால் மாதிரியைக் காய்ச்சி வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து மறுபடி அளந்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

குளோரின் அளவு சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் பாசி வருகிறது என்றால், நீங்கள் மாத்திரைக் குளோரின் பயன்படுத்துகிறவரா? ட்ரைகுளோர் மாத்திரை 10 பிபிஎம் குளோரின் கொடுக்கும்போது 6 பிபிஎம் சயனூரிக்கையும் விட்டுச் செல்லும். குளோரின் தீர்ந்துபோகும், அது தீராது. நாளுக்கு 2 பிபிஎம் செலவாகும் குளத்தில் 12 வாரத்தில் 100 பிபிஎம் சேர்ந்துவிடும். அந்த அளவில் 3 பிபிஎம் குளோரின் இருந்தும் இல்லாததுபோலத்தான். வீட்டுக் குளத்தில் இதைக் குறைக்க நம்பகமான வழி ஒன்றே: தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதிதாக நிரப்புவது. ஆகவே மாத்திரையை ஊருக்குப் போகும் வாரத்துக்கு வைத்துக்கொண்டு, தினசரிக்குத் திரவத்தையோ உப்புக் கருவியையோ வைத்துக்கொள்வது நல்லது. திரவம் வெயிலிலும் வெப்பத்திலும் வீரியம் இழக்கும். மாதக்கணக்கில் வாங்கி அடுக்காதீர்கள்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. ட்ரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒன்றுசேரவே கூடாது. ஒரே அளவுக் கரண்டிகூட ஆகாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலமும் குளோரினும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். எதையும் தண்ணீரில்தான் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

குளோரின் நாற்றம், கண் எரிச்சல்

'குளோரின் அதிகமாகிவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர், சருமத்தின் எண்ணெய் இவற்றோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்கள்தான் மூக்கைத் துளைப்பவை. மொத்தக் குளோரினிலிருந்து வேலை செய்யும் குளோரினைக் கழியுங்கள். மிச்சம் 0.5 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் அந்த மிச்சத்தின் பத்து மடங்கு குளோரினை, வெயில் தாழ்ந்தபின், ஒரே தடவையில் போட வேண்டும். குளத்துக்கு மூடி இருந்தால் திறந்து வையுங்கள். வாயு வெளியேற வழி வேண்டும். மிச்சம் இல்லையென்றால் பிஹெச்சைப் பாருங்கள். நம் கண்ணீரின் பிஹெச் 7.4 அளவில் இருக்கிறது. அதிலிருந்து வெகுதூரம் போன தண்ணீர் கண்ணை உறுத்தும்.

குளிக்கும் முன் எல்லோரையும் ஒரு நிமிடம் ஷவரில் நிற்க வைத்தால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

பிஹெச் ஏறிக்கொண்டே போகிறது

சிமென்ட் பூச்சுக் குளம் புதிதென்றால் முதல் மாதம் இதுதான் நிலை. பூச்சிலிருந்து சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும். தினமும் அளந்து, கொஞ்சம் அமிலம் ஊற்றி, தினமும் சுவருக்குப் பிரஷ் போடுங்கள். இந்த நான்கு வாரமும் உப்பைக் கொட்டாதீர்கள், உப்புக் கருவியை ஓட்டாதீர்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கத்தில், தண்ணீர் திரும்பும் வாய்க்கு முன்னால், மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். 45,000 லிட்டருக்கு ஒரு தடவையில் கால் லிட்டர் ஊற்றி, சில மணி நேரம் கழித்து அளந்து, தேவையென்றால் மறுபடி. பிஹெச்சில் அக்கறை எதற்கென்றால், 7.5-இல் குளோரினில் ஏறக்குறைய பாதி கிருமி கொல்லும் வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் அது கால் பங்காகச் சுருங்கிவிடும். சயனூரிக் உள்ள தண்ணீரில் இந்த வீழ்ச்சி இவ்வளவு கடுமையில்லை. ஆனாலும் சுண்ணாம்புப் படிதலும் கண் எரிச்சலும் அங்கேயும் உண்டு.

பழைய குளத்திலும் பிஹெச் ஏறுகிறதென்றால் காரத்தன்மையைப் பாருங்கள். அது 120-க்கு மேல் இருந்தால் தண்ணீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக்கொண்டே இருக்கும், பிஹெச் ஏறிக்கொண்டே இருக்கும். செயற்கை அருவி, பீறிடும் ஊற்று, உப்புக் கருவி மூன்றும் இதை வேகப்படுத்தும். இவை உள்ள குளத்தில் காரத்தன்மையை 70 பக்கம் வைத்துக்கொள்வது அமிலச் செலவைக் குறைக்கும். பிஹெச் ஒரே நாளில் மேலும் கீழும் துள்ளினால் எதிர்க் கோளாறு: காரத்தன்மை போதவில்லை. 750 கிராம் சமையல் சோடா 10 பிபிஎம் ஏற்றும்.

திரும்பும் வாயில் குமிழி வருகிறது, பம்ப் கூச்சலிடுகிறது

குமிழி வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்று நுழைகிறது. சுலபமானதிலிருந்து பாருங்கள். தண்ணீர் மட்டம் ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை உள்ளிழுக்கும் சுவர்த் திறப்பு) வாயின் பாதிக்குக் கீழே போயிருக்கிறதா? ஸ்கிம்மரின் கதவு சிக்கிக்கொண்டிருக்கிறதா? பம்பின் முன்கூடையை மூடும் மூடியின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கிறதா? ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பெட்ரோலிய ஜெல்லி ரப்பரைக் கெடுக்கும். இவை சரியென்றால் பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் சவர நுரையைத் தடவுங்கள். எங்கே நுரை உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கேதான் ஓட்டை.

கூழாங்கல் உருளும் சத்தம் என்றால் பம்புக்குப் போதிய தண்ணீர் வரவில்லை. கூடை நிரம்பியிருக்கலாம், வால்வு பாதி மூடியிருக்கலாம். எதுவும் இல்லையென்றால் பம்ப் குழாயைவிடப் பெரிது. முதல் பம்ப் வாங்கும்போது நானும் 'இருக்கட்டுமே, பெரிதாகவே இருக்கட்டும்' என்றுதான் வாங்கினேன். உறிஞ்சும் குழாயில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 50 மில்லிமீட்டர் குழாயில் அது மணிக்கு எட்டரை ஆயிரம் லிட்டர் அளவுதான். அதற்கு மேல் தள்ளத் துடிக்கும் பம்ப் காசையும் மின்சாரத்தையும் சத்தமாக மாற்றிக்கொண்டிருக்கும். குழாய் பூமிக்குள் போய்விட்டால் பம்பைத்தான் மாற்ற வேண்டும். குழி வெட்டும் நிலையிலேயே இருக்கிறீர்களா? அப்படியானால் உறிஞ்சும் பக்கம் 63 மில்லிமீட்டர் குழாய் கேளுங்கள். அடியில் உறிஞ்சும் வாய்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று தள்ளி, முடி சிக்காத மேடான மூடியோடு இருக்க வேண்டும். ஒரே வாய் இருந்தால் குழந்தையின் முதுகு அதை அடைத்துக்கொண்டு எழ முடியாமல் போகலாம்.

அழுத்தம் குறைந்துவிட்டது, அல்லது குளத்துக்குள் மணல்

அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைந்தால் அடைப்பு பம்புக்கு முன்னால்: கூடைகள், ஸ்கிம்மர், அல்லது பம்பின் சக்கரத்தில் சிக்கிய இலை. பம்பின் மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கையை விடவும்.

திரும்பும் வாய்க்குக் கீழே மணல் குவிந்தால், புது மணல் போட்ட முதல் ஓரிரு நாள் என்றால் கவலை வேண்டாம். அது தூசி மணல், இன்னொரு பேக்வாஷில் போய்விடும். தொடர்ந்து வந்தால் ஃபில்டரின் அடியில் விரல்கள்போல விரிந்திருக்கும் துளைக்குழாய் ஒன்று உடைந்திருக்கிறது. மணல் முழுவதையும் வெளியே எடுத்துத்தான் மாற்ற முடியும். திரும்பக் கொட்டும்போது பாதியளவு தண்ணீர் நிரப்பிவிட்டு, நடுக்குழாயின் வாயை மூடிவைத்துக் கொட்டுங்கள். வெறும் தொட்டியில் மேலிருந்து மூட்டையைக் கவிழ்ப்பதுதான் பல துளைக்குழாய்கள் முதல் நாளே உடையக் காரணம்.

குளோரின் போட்டதும் தண்ணீர் பழுப்பு, சுவரில் கறை

கிணற்றுத் தண்ணீரிலோ ஆழ்துளைத் தண்ணீரிலோ நிரப்பினீர்களா? அதில் கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கிவிட்டது. வைட்டமின் சி மாத்திரை ஒன்றைக் கறை மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்பு. கறுப்பும் ஊதாவும் கலந்த கறை என்றால் மாங்கனீசு அல்லது செம்பாக இருக்கும். பழுப்பு வெயிலில் தானாக வெளுத்தால் அது இலைக் கறை, குளோரின் போதும். இனி நிரப்பும் தண்ணீரைக் குளத்துக்குள் விடும் முன் பரிசோதித்துவிடுங்கள்.

உப்புக் கருவி 'உப்புக் குறைவு' என்கிறது

உடனே மூட்டையைப் பிரிக்காதீர்கள். உப்பைத் தனியாக அளந்து பாருங்கள். பெரும்பாலான கருவிகள் கேட்பது லிட்டருக்கு 3 கிராம் அளவு. 45,000 லிட்டருக்கு முதல் தடவை 135 கிலோ. உப்பு ஆவியாவதில்லை, பேக்வாஷிலும் கசிவிலும் மழையில் வழிந்தோடுவதிலும் மட்டுமே குறையும். அளவு சரியாக இருந்தும் குறைவு என்று காட்டினால் தட்டுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கும், அல்லது தட்டு ஆயுள் முடிந்திருக்கும். வெள்ளைப் படிவு தெரிந்தால் நீர்த்த அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். சுரண்ட வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். உப்புக் குளம் என்றால் குளோரின் இல்லாத குளம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கருவி செய்வதே குளோரின்தான்.

தண்ணீர் மட்டம் இறங்குகிறது

வெயிலும் காற்றும் நாளுக்கு 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை குடிப்பது சாதாரணம். நம் 8-க்கு 4 குளத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது 320 லிட்டர். கசிவா ஆவியா என்று பிரிக்க வாளி போதும். வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, படிக்கட்டில் கல் வைத்து நிறுத்தி, உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான். வெளியே கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு.

அதே சோதனையைப் பம்ப் ஓடும் நாள் ஒன்று, ஓடாத நாள் ஒன்று என்று இருமுறை செய்யுங்கள். ஓடும்போது அதிகம் இறங்கினால் ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் குழாயில் கசிவு. இரண்டிலும் ஒரே அளவென்றால் குளத்தின் உடம்பில். பம்பை நிறுத்தி, மட்டம் எங்கே தானாக நிற்கிறது என்று பாருங்கள். ஸ்கிம்மர் வாயின் அடியில் நின்றால் ஸ்கிம்மருக்கும் சுவருக்கும் நடுவிலான விரிசல். விளக்கின் உயரத்தில் நின்றால் விளக்குக் குழி. அசையாத தண்ணீரில் சந்தேகப்படும் இடத்துக்கு அருகே உணவு நிறமியை ஒரு சொட்டு விட்டால் அது விரிசலுக்குள் கோடாக இழுபடும்.

கசிவைப் பார்த்ததும் குளத்தை முழுவதும் காலி செய்யத் தோன்றும். மழைக்காலத்திலோ நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்திலோ அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் குளத்தை மண்ணில் அழுத்தி வைத்திருக்கிறது. அது போனதும் அடியில் உள்ள நீர் குளத்தையே படகுபோல மேலே தூக்கிவிடும், ஃபைபர் குளமாக இருந்தால் இன்னும் சுலபமாக. விரிசல் இருக்கும் உயரம்வரை மட்டும் இறக்குங்கள். தண்ணீருக்கு அடியிலேயே இறுகும் எபாக்சி பசை இருக்கிறது. சிறிய விரிசலுக்குத் தண்ணீரை இறக்காமலே அது போதும்.